நாலு விரல் கீழே

கோட்டுக்காரருக்கு அந்தப் பெயர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் மாநகராட்சி வேலையில் சாலைக்கு நடுவே வெள்ளைக் கோடு போட்டார், வேகத்தடைக்குப் பட்டை அடித்தார், பள்ளிக்கூட வாசல்களில் ஆள் கடக்கக் கட்டம் போட்டார். அப்போதெல்லாம் யாரும் அவரைக் கோட்டுக்காரர் என்று கூப்பிட்டதில்லை. தரையில் போட்ட கோட்டை மிதித்துவிட்டுப் போவார்கள். சுவரில் போட ஆரம்பித்த பிறகுதான் ஆளுக்கே ஒரு பெயர் வந்தது.

வேலை இதுதான். கடல் மட்டம் ஏறுகிறது. ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே மூச்சில் கொட்டுகிறது. நகரத்துக்குள் மண்ணே கண்ணில் படாமல் சிமென்ட் பூசியாகிவிட்டது. இதையெல்லாம் கூட்டிக் கழித்து, இன்னும் முப்பது வருடத்தில் ஒரு பெருமழை நாளில் எந்தத் தெருவில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று ஆபீசில் கணக்குப் போட்டிருந்தார்கள். கால்வாயை ஒட்டிய பதினேழு தெருக்களில், அந்தந்த உயரத்தில், வீட்டுச் சுவர்களில் நீலக் கோடு போட வேண்டும். யோசனை இன்ஜினியர் மேடத்துடையது. மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெயிலில் நின்று நின்று மூக்கு நுனி உரிந்துபோயிருக்கும்.

"கூட்டம் போட்டுப் படம் காட்டுனோமே, எத்தனை பேர் வந்தாங்க? பதினோரு பேர். அதுல நாலு பேர் நம்ம ஆபீஸ் ஆளுங்க. மிச்ச ஏழு பேர் பிஸ்கட்டுக்கு வந்தவங்க," என்றார் மேடம் முதல் நாள். "மேப்ப யாரும் பாக்க மாட்டாங்க. அவங்க வீட்டுச் சுவத்தப் பாப்பாங்கல்ல? தினம் பாத்தாத்தான் மண்டைக்குள்ள ஏறும்."

"ஏறும் மேடம்," என்றார் கோட்டுக்காரர். மேலதிகாரி சொல்வதற்கு அவர் எப்போதும் சொல்கிற பதில் அது.

தெருக்களில் யார் மண்டையிலும் ஏறவில்லை. முதல் தெருவில் ஒரு அம்மாள் கோட்டுக்கு மேல் ஆணி அடித்துத் துடைப்பத்தை மாட்டினாள், அழுக்குப் படாமல் இருக்க உயரம் சரியாக இருக்கிறது என்றாள். இரண்டாவது தெருவில் வீட்டை விற்க நினைத்திருந்த ஒருவர் கோட்டுக்கு முன்னால் அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "எங்க வீட்டுக்கு வரும்போது பெயிண்ட் தீந்துபோச்சுன்னு சொல்லிடுங்க கோட்டுக்காரரே," என்று கேட்காத ஆளே இல்லை. அவர் சிரித்துவிட்டு நூல் அடிப்பார். கூட்டாளி ஒரு முனையைப் பிடிக்க, இவர் இன்னொரு முனையைப் பிடித்து, நீலப் பொடி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டினால் சுவரில் நேர்க்கோடு விழும். அதன்மேல் பெயிண்ட். ஏழு தெரு இப்படிப் போனது. எட்டாவது அக்காவின் தெரு.

அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கோட்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்மும் வீட்டிலேயே தைக்கிறாள். கை நூலளவு பிசகாது. அக்காவின் புருஷன், இவருக்கு மாமா, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் போய்விட்டது. பேச்சு, வாய்க்குள் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வரும். "ஊரையே மாடி ஏத்துன மனுஷன், சொந்த வீட்டு மாடிக்கு ஏற நாலு ஆள் வேணும்," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மாடியில் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். மாமாவுக்குக் கீழே, ஜன்னலோரத்து இரும்புக் கட்டில். முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்துவிட்டால், பகல் முழுவதும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஒரு டைல்ஸ் கிடங்கின் நீண்ட வெள்ளைச் சுவர். பூனை நடக்கும். வெயில் ஏறி இறங்கும். அவ்வளவுதான் அவர் உலகம்.

அன்று கூட்டாளி பல் பிடுங்கப் போயிருந்தான். கோட்டுக்காரர் தனியாகவே அளந்தார். அந்தத் தெருவுக்கு வந்த அளவு ஐந்து அடி. கிடங்குச் சுவரில் ஆணி அடித்து நூலைக் கட்டி, சாக்பீசால் மெல்லிதாக ஒரு கோடு இழுத்துவிட்டு டீ குடிக்க உள்ளே வந்தார்.

"மாப்ள, அது என்ன, என் தலைக்கு மேல போகுது?" என்றார் மாமா.

"சாக்பீஸ் மாமா. இனிமேதான் பெயிண்ட்."

"அதான் தண்ணியா?"

"முப்பது வருஷம் கழிச்சு மாமா. யார் இருக்கப் போறோம்."

"நீ இருப்ப. நான் இங்கயேதான் கெடப்பேன் போலிருக்கு." சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "தண்ணிக்கு அடியில உக்காந்திருக்க மாதிரி இருக்கு மாப்ள. மூச்சு முட்டுது." கண்ணை மூடிக்கொண்டார். முகத்தைத் திருப்ப அவரால் முடியாது, மூடிக்கொள்ளத்தான் முடியும்.

அக்கா தம்பியைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள்.

"டேய், ரெண்டு வருஷமா அவரு அந்தச் சுவத்தத்தான் பாக்குறாரு. வேற என்ன வச்சிருக்கேன் நான் அவருக்குப் பாக்க? கொஞ்சம் எறக்கிப் போடேன்."

"அளவுக்கா. இஷ்டத்துக்கு எறக்க முடியுமா?"

"நான் தைக்கிறதும்தான் அளவு. தொப்பை வச்சவன் வந்து கேட்டா அரை இஞ்ச் விட்டுத் தைக்கிறேன்ல. நாலு விரல் எறக்கு. கடலு கோவிச்சுக்காது."

பக்கத்துக் கடையில் இஸ்திரிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "அக்காவுக்கு எறக்குனா தெருவுக்கே எறக்கணும் கோட்டுக்காரரே. தண்ணி என்ன, சொந்தக்காரங்க வீட்டுல மட்டும் குனிஞ்சு நிக்குமா?"

"உனக்கு எதுக்குய்யா?"

"எனக்கும் மூச்சு முட்டுது," என்றார் இஸ்திரிக்காரர். இரண்டு மூன்று வாசல்களிலிருந்து சிரிப்பு கேட்டது.

கோட்டுக்காரர் சாக்பீசைக் கையில் எடுத்தார். அக்கா உள்ளே போய் மாமாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஏற்பாடு இதுதான்: இவர் எதிர்ச் சுவரில் கோட்டை அழித்து அழித்து இறக்கிப் போடுவார். மாமாவுக்குத் தோதுப்பட்டதும் வலது கையைத் தூக்குவார். அக்கா குரல் கொடுப்பாள்.

நாலு விரல் இறக்கினார். "இப்ப?"

மாமாவின் கை படுக்கைவிரிப்பின் மேல் கிடந்தது. விரல்கள் மட்டும் கீழே, கீழே என்று அசைந்தன.

"இன்னும் கொஞ்சமாம்டா."

இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அழித்த சாக்பீஸ் தூள் அவர் முழங்கை வரை வழிந்தது. அக்காவின் கண் மாமாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, சுவரைப் பார்க்கவில்லை. கடைசியில் கை மேலே வந்தது. ஒரு லிஃப்டை நிறுத்துகிற மாதிரி, உள்ளங்கை வெளியே தெரிய.

"போதுமாம்."

அவர் டேப்பை வைத்துப் பார்த்தார். மூன்றரை அடி. ஒன்றரை அடி இறங்கியிருந்தது.

"எவ்வளவுடா எறக்குன?" ஜன்னல் வழியாக அக்கா கேட்டாள்.

"நாலு விரல்தான்கா."

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. அவள் நாலு விரல் கேட்டாள், நாலு விரல் என்று சொன்னார். வாயில் வந்தது அதுதான். மாமா கண்ணைத் திறந்து வைத்திருந்தார், அதுவும் ஒரு காரணம். அப்புறம் தண்ணீர் நிரப்பிய டியூப்பை வாசல் வாசலாக இழுத்துப்போய், அதே மட்டத்தை இரண்டு வரிசை வீடுகளுக்கும் மாற்றினார். ஒரு முடி ஏற்ற இறக்கம் கிடையாது. தப்பான கோடு தெருமுனைவரை அவ்வளவு நேராக ஓடியது. படிவத்தில் ஐந்து அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினேழு தெருவிலும் இறக்கச் சொல்லிக் கேட்டார்கள். இந்த ஒரு தெருவில்தான் இறக்கினார்.

மாமாவுக்குக் கோடு பிடித்துப்போய்விட்டது. இவர் எப்போது போனாலும், "தண்ணி எறங்கியே இருக்கு மாப்ள, பயப்படாம உள்ள வா," என்பார்.

ஐந்து மாதம் போனது. மழைக்காலம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது அக்கா போன் பண்ணினாள். "மத்தியானம் சாப்பிட இங்க வந்துடு. உனக்கு ஒண்ணு காட்டணும்."

போய்ப் பார்த்தால் கட்டில் மார்பளவு உயரத்துக்கு நின்றது. நாலு காலுக்கும் கீழே சிமென்ட் கல்லை அடுக்கி, ஆடாமல் இருக்கக் கம்பியால் கட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் ஏறி நின்றுதான் மாமாவுக்கு ஊட்ட வேண்டும்.

"வா மாப்ள," என்றார் மாமா மேலிருந்து. "லிஃப்ட் இல்லாமலே அரை மாடி ஏறிட்டேன் பாத்தியா. காத்து நல்லா வருது."

"இது எதுக்குக்கா?"

"ரேடியோல இந்த வருஷம் அதிகம்னு சொல்றான். போன வருஷமே கெண்டைக்கால் வரைக்கும் வந்துச்சு. இவரை மாடிக்குத் தூக்கணும்னா நாலு ஆம்பளை வேணும். படி குறுகல். போனதடவ தூக்குனதுல முதுகுப் புண்ணு பிஞ்சு ஒரு மாசம் கெடந்தாரு. அதுவும் இல்லாம, அடுத்தவங்க தூக்குறப்ப இவரு மூஞ்சியப் பாக்க முடியலடா." கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை எடுத்தாள். "இங்க பாரு. நம்ம தரையும் ரோடும் ஒரே மட்டம். கோடு மூணரை அடி. நீ நாலு விரல் எறக்குனல்ல, அதை மேல சேத்தேன். அப்புறம் எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொரு நாலு விரல். மெத்தை நாலு அடியில நிக்குது. அதுவும் அந்தக் கோடு முப்பது வருஷம் கழிச்சு வர்ற தண்ணிக்கு. இந்த வருஷம் அதுல பாதிதான் வரும். சரிதானே?"

கணக்கில் ஒரு குறையும் இல்லை. அவள் பேரம் பேசியதை மறக்கவில்லை. பேரம் பேசிக் குறைத்ததைத் திருப்பிச் சேர்த்திருந்தாள், கூடவும் வைத்திருந்தாள். தைக்கும்போது பிள்ளை வளரும் என்று மடிப்பு விட்டுத் தைக்கிற மாதிரி.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அக்கா, நாலு விரல் இல்லை, ஒன்றரை அடி. ஆறே வார்த்தை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா குழைய வடித்த சோறும் கொஞ்சம் பருப்பும் தட்டில் வைத்தாள். மாமா மேலிருந்து அவர் தலையைப் பார்த்து, "உச்சியில சொட்டை விழுந்திருச்சு மாப்ள, இவ்வளவு நாள் தெரியல," என்றார். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. முப்பது வருடம் கழித்துத்தானே என்று அவரும் நினைத்துக்கொண்டார். அவர் சாப்பிட்டார்.

"சரிதானேடா?"

"சரிதான்கா."

மழை செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிடித்தது. புதன்கிழமை விடிந்தும் விடவில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் கோட்டுக்காரரைக் கால்வாய்ப் பாலத்தில் நிறுத்திவிட்டார்கள். பாலத்துத் தூணில் அளவுப் பலகை இருக்கிறது. கால் மணிக்கொரு தரம் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், பக்கத்தில் மழைக்கோட்டோடு மேடம் அதைப் போனில் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுவார். ஒன்பதரைக்குத் தண்ணீர் கரையைத் தாண்டியது. பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் பண்ணினார்.

"முழங்கால் வரைக்கும் வந்திருக்குடா. மிஷினை மேஜைமேல ஏத்திட்டேன். துணியெல்லாம் பரண்ல. நீ சாப்பிட்டியா?"

"மாமா?"

"அவருக்கென்ன, மகராசா மாதிரி ஒக்காந்திருக்காரு. படகு எப்ப வரும்னு கேக்குறாரு."

"மேல தூக்கிடுக்கா."

"யாரு தூக்குறது? டிரைவர் நேத்தே லோடு ஏத்திட்டுப் போயிட்டாரு. மேல அவரு சம்சாரம் மட்டும்தான் இருக்கு. அது ஒரு பக்கம் நான் ஒரு பக்கமா? கீழ போட்டுருவோம்."

"இஸ்திரிக்காரரக் கூப்பிடு. இன்னும் ரெண்டு பேரக் கூப்பிடு."

"அவனவன் வீட்டுல அவனவன் சாமான ஏத்திட்டு இருக்கான். கோட்டுக்கு இன்னும் ரெண்டு சாண் இருக்குடா. கோட்ட நெருங்கட்டும், அப்ப பாப்போம்."

மேடம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை மேடத்தின் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "என்ன ரீடிங்?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

கோட்டுக்காரர் பலகையைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அக்கா எதிர்முனையில் காத்திருந்தாள். பின்னால் தண்ணீர் எதையோ சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது, டப்பாவாக இருக்கும்.

"சரிக்கா," என்றார்.

அடுத்து நடந்ததை அவர் பார்க்கவில்லை. இஸ்திரிக்காரர் சொல்லித்தான் தெரியும். கோட்டை நெருங்கட்டும் என்று அக்கா பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர் பதினோரு மணிக்குமேல் பார்க்கப் பார்க்க ஏறிவிட்டது. அக்கா கூப்பிடலாம் என்று நினைத்தபோது வாசற்கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்திருந்தது. மாடிக்காரம்மாள் படியில் நின்று கத்தினாள், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் மெத்தையைத் தொட்டது. அப்புறம் மேலே வந்தது. சாய்மானத் தலையணைகள் ஊறிப்போய் ஒவ்வொன்றாக நழுவின. ஆள் சரிந்தார். அக்கா ஸ்டூலில் ஏறி, அவர் தலையைத் தன் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று மணிவரை நின்றாள். இஸ்திரி மேஜையின் பலகையைக் கழற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இரண்டு பேர் ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே இறங்கியபோது, மாமாவுக்கு நினைவு தப்பவில்லை. பேசினார். "போதும்," என்று மட்டும் சொன்னார். பலகையில் போட்டுத்தான் மேலே கொண்டுபோனார்கள்.

தண்ணீர் நாலரை அடி நின்றது.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். நுரையீரலில் தண்ணீரும் சளியும் சேர்ந்து கட்டிக்கொண்டது என்றார்கள். அக்கா வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நர்சுகள் அவள் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள் வந்தார்கள். ஒன்பதாம் நாள் காலை, மாமாவின் உடம்பைக் கொடுக்க, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் இருந்தது சேறு. கோட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து பத்து நாள் சேறு அள்ளினார். முதலில் மண்வெட்டியால், அப்புறம் தகரத்தால், கடைசியில் துணியால். அக்கா சேறு பட்ட யூனிஃபார்ம் துணிகளை அலசி அலசிக் கொடியில் போட்டாள். நாற்றம் போகவில்லை. மறுபடி அலசினாள். மாமாவைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கட்டிலைக் கல்லிலிருந்து இறக்கும்போது மட்டும் அவள் சொன்னாள்:

"நான்தான் கணக்குல தப்புப் பண்ணிட்டேன்."

அவர் கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தார்.

"எதுக்கும் இருக்கட்டும்னு நாலு விரல் வச்சேன் பாரு, அங்க ஒரு முழம் வச்சிருக்கணும். கை கஞ்சத்தனம் பண்ணிருச்சு. துணி மிச்சம் பிடிச்சே பழகுன கை."

"நீ ஒண்ணும் பண்ணலக்கா," என்றார் அவர். கட்டிலை இறக்கி வைத்தார்கள். கற்களை ஒவ்வொன்றாகக் கொல்லைக்கு எடுத்துப்போனார்கள்.

பதினோராவது நாள் மேடம் வந்தார். கையில் பட்டியல். தெருத்தெருவாக, தண்ணீர் நின்ற சேற்றுத் தடத்துக்கும் நீலக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்துகொண்டு வந்தார். அக்கா உள்ளே இருந்தாள். கிடங்குச் சுவருக்கு முன்னால் மேடம் நின்றார், டேப்பை வைத்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி டேப்பை வைத்தார்.

"பதினாறு தெருவுல கோட்டுக்குக் கீழதான் நின்னுருக்கு. இங்க மட்டும் ஒரு அடி மேல. ஃபார்ம்ல அஞ்சுன்னு இருக்கு."

"நான்தான் எறக்கிப் போட்டேன் மேடம்."

"எவ்வளவு?"

"ஒன்றரை."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல."

மேடம் டேப்பைச் சுருட்டினார். திட்டுவார் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எழுதித்தான் ஆகணும், தெரியும்ல?"

"எழுதுங்க மேடம்."

"வேலைக்கே ஆபத்தா முடியும்."

"தெரியும் மேடம்."

"அதுக்கு முன்னாடி கோட்ட மாத்திடுங்க," என்றார் மேடம். நாலு எட்டுப் போனவர் நின்று திரும்பினார். "சுவத்துல போட்டா புரியும்னு நெனச்சேன். பாருங்க, புரிஞ்சுருக்கு. கோட்ட நம்பியிருக்காங்க. அதுதான்." பட்டியலை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் கோட்டுக்காரர் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். கூட்டாளியைக் கூப்பிடவில்லை. டேப்பின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இழுத்தார். அது வளைந்து வளைந்து சரிந்தது. அக்கா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, கேட்காமலே குனிந்து, டேப்பின் அடி முனையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இழு," என்றாள்.

ஐந்து அடியில் சாக்பீசால் ஒரு புள்ளி வைத்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். புள்ளியைப் பார்த்தாள், பழைய நீலக் கோட்டைப் பார்த்தாள், நடுவில் காய்ந்து வெடித்திருந்த சேற்றுத் தடத்தைப் பார்த்தாள்.

"வெள்ளம் வந்ததால ஏத்திட்டாங்களா?"

"இல்லக்கா."

"அன்னைக்கும் இதேதானா?"

"இதேதான்."

"நாலு விரல்னு சொன்ன."

"ஆமாக்கா. சொன்னேன். எறக்குனது ஒன்றரை அடி."

டேப்பை அவள் விடவில்லை. குனிந்தபடியே இருந்தாள். தெருவில் யாரோ பழைய மெத்தை ஒன்றைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். அது மூலை திரும்பும்வரை அவள் நிமிரவில்லை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரு கைய மட்டும்தான் தூக்குனாரு."

"அதானே," என்றாள். அவள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. காலியான பாத்திரத்தைத் தட்டினால் வருகிற மாதிரி ஒரு குரல். "கட்டில ஏத்தி வச்சிட்டு உன்னக் கூப்பிட்டுக் காட்டுனேன். சரிதானேன்னு ரெண்டு தடவ கேட்டேன்."

"கேட்ட."

"சோறு போட்டேன்."

"ஆமாக்கா."

"சரி, போடு," என்றாள். "கோட்டப் போடு. பிடிச்சிருக்கேன்."

அவர் போட்டார். அவள் நூலின் மறுமுனையைப் பிடித்தாள், அவர் சுண்டினார், அவர் பெயிண்ட் அடித்தார். பழைய கோட்டின்மேல் வெள்ளை பூசினார். கிடங்குச் சுவர் முடிய மத்தியானம் ஆனது. அடுத்த சுவருக்கு டியூப்பை எடுத்தபோது அக்கா அவர் கையிலிருந்து பிரஷை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இந்தத் தெருவுல எல்லாருமே உன் கோட்டப் பாத்துத்தான் சாமான ஏத்தி வச்சாங்க. இஸ்திரிக்காரன் ஊரார் துணியெல்லாம் ஏத்தி வச்சு மொத்தமா விட்டான். கோடி வீட்டுல நாலு பேரு பரண் கட்டி ஒக்காந்திருந்தாங்க. யாருக்கும் தெரியாது. நீ போய்ச் சொல்லு."

"கோட்ட மாத்துனா தெரிஞ்சுரும்லக்கா."

"தெரியாது. மழை வந்துச்சு, ஏத்திப் போட்டுட்டாங்கன்னு நெனப்பாங்க. நான் நெனக்கல? வாயால சொல்லு. வீடு வீடாப் போய்ச் சொல்லு. எவ்வளவு எறக்குனேன்னு சொல்லு."

அவர் டியூப்பைக் கீழே வைத்தார்.

"நான் கூட வரேன். நாலு விரல் கேட்டது நான்னு நான் சொல்றேன். மிச்சத்த நீ சொல்லு."

இஸ்திரிக்காரர் கடையில் புதுப் பலகை போட்டிருந்தார். பழைய பலகை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. எரிந்த துணி வாடையும் ஈர வாடையும் சேர்ந்து வந்தன. அக்கா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கோட்டுக்காரர் தன்னுடையதைச் சொன்னார். ஒன்றரை அடி என்றார். வேலைக்குப் போன முதல் நாள் மேஸ்திரியிடம் பேசிய மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.

இஸ்திரிக்காரர் ஒரு சட்டையின் கையை நீவி முடித்தார். அப்புறம் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கும் மூச்சு முட்டுதுன்னு அன்னைக்கு நானும் சொன்னேன்," என்றார். அதை அவர் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வெளியே எட்டிப் புதுக் கோட்டைப் பார்த்தார். "அப்ப இதான் சரியான கோடு."

"இதான்."

"இதுக்கு மேல வராதுல்ல?"

இத்தனை மாதத்தில், இத்தனை தெருவில், யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. இறக்கு என்றுதான் கேட்டார்கள். அவரும் நினைத்துப் பார்த்ததில்லை. அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரும்," என்றார்.

இஸ்திரிக்காரர் தலையை ஆட்டினார். மறுபடி பெட்டியை எடுத்தார். அக்கா படியிறங்கி அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கோட்டுக்காரர் பின்னாலேயே போனார்.